செவ்வந்தியின் பூஜ்யங்கள்

ஒரு கால்பந்துக் குழுவில் செவ்வந்தி என்ற பெண் சேர்ந்தாள். வயது பத்தொன்பது, கடலூர்க்காரி. நடுக்களத்தில் ஆடுகிறவள். சம்பளத்துக்கு ஆடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

முதல் ஆட்டத்திலேயே சறுக்கினாள். பந்தை வாங்கி முன்பக்கம் திரும்பும்போது எதிரணிக்காரி ஒருத்தி அதைத் தட்டிக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டாள். கடலூரில் அவள் வீடு இருக்கும் தேவனாம்பட்டினத்தில் தெருவே கூடி செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம். செவ்வந்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை. இனி என்ன ஆனாலும் பந்தைப் பறிகொடுப்பதில்லை என்று முடிவு கட்டினாள்.

சொன்னால் செய்கிற பெண்தான். யாராவது கிட்டே வந்தால் போதும், பந்தைப் பின்னால் நிற்கும் ஸ்டெல்லாவுக்கு உருட்டிவிடுவாள். ஸ்டெல்லாவுக்கு வயது முப்பத்திரண்டு. பத்து வருஷமாக அந்தக் குழுவில் தடுப்பாட்டம் ஆடுகிறவர்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் வசந்தா ஒரு தாளை உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டுவார். யார் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார்கள் என்று அதில் பெயரோடு இருக்கும். அடுத்த நான்கு ஆட்டங்களிலும் செவ்வந்தியின் பெயருக்கு நேரே பூஜ்யம். ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். ஸ்டெல்லாவின் பெயருக்கு நேரே நான்கு, ஆறு, ஏழு, ஒன்பது.

ஸ்டெல்லாவுக்குக் கால் தளர்ந்துபோச்சு என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். அரையிறுதியில் அவரை உட்காரவைத்துவிடுவார்கள், அடுத்த வருஷம் ஒப்பந்தமும் கிடையாது என்று பேச்சு அடிபட்டது. செவ்வந்திக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. அக்காவின் முழங்காலுக்குத் தன் கையால் ஐஸ் வைத்துவிட்டாள்.

வசந்தா யாரையும் பாராட்டி ஒருவரும் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கமும் அவரிடம் இல்லை. அரையிறுதிக்கு மூன்று நாள் இருக்கும்போது செவ்வந்தி பொறுக்கமாட்டாமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், நாலு மேட்ச்சா நான் ஒரு தப்புகூடப் பண்ணல."

"தெரியும். நான்தானே எழுதறேன்."

"நீங்க ஒரு நாளும் நல்லா ஆடினன்னு சொல்லலையே. நான் இன்னும் என்ன பண்ணணும்?"

வசந்தா விசிலின் கயிற்றைச் சுற்றிப் பைக்குள் போட்டார்.

"நாளைக்குக் காலையில ஸ்டெல்லா எடத்துல நீ ஆடு."

மறுநாள் குழுவை இரண்டாகப் பிரித்துப் பயிற்சி ஆட்டம் நடந்தது. செவ்வந்தி பின்னால் நின்றாள். அவள் வழக்கமாக ஆடும் நடுக்களத்துக்கு ஸ்டெல்லா போனார்.

"அவ எப்படி ஆடுவாளோ அப்படியே ஆடு" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார் வசந்தா.

ஸ்டெல்லா தலையை ஆட்டினார்.

அப்படியேதான் ஆடினார். யாராவது கிட்டே வந்தால் பந்து பின்னால் செவ்வந்தியிடம் உருண்டு வந்தது. பந்தோடு சேர்ந்து எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். திரும்ப இடமில்லை, நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. இருபது நிமிஷத்தில் ஐந்து முறை பந்து போய்விட்டது. செவ்வந்திக்கு மூச்சு வாங்கியது, அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

வசந்தா விசில் ஊதினார். தாளில் எழுதினார்.

"செவ்வந்தி, அஞ்சு."

"மேடம், அக்கா குடுக்கும்போதே ரெண்டு பேர் என் மேல வந்துட்டாங்க. நான் என்ன பண்றது?"

வசந்தா தாளை அவளிடம் நீட்டினார்.

"ஸ்டெல்லாவுக்கு என்ன போட்டிருக்கு, படி."

பூஜ்யம் என்று இருந்தது.

செவ்வந்தி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. ஸ்டெல்லா கோட்டுக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனாள்.

"அக்கா, நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"மொத மேட்ச்சுல ரொம்பப் பயந்துட்ட. பயம் தெளியட்டும்னு இருந்தேன்."

"உங்களை உட்கார வெச்சிருப்பாங்களே."

"வெச்சிருந்தா உட்கார்ந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா பாட்டிலை அவளிடம் கொடுத்தார்.

அரையிறுதியில் ஸ்டெல்லா ஆடினார். செவ்வந்தியும் ஆடினாள். முதல் முறை பந்து வந்தபோது எதிரணிக்காரி ஒருத்தி பாய்ந்து வந்தாள். பின்னால் ஸ்டெல்லா கைகாட்டினார். செவ்வந்தி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முன்னால் திரும்பினாள், பந்தைப் பறிகொடுத்தாள், துரத்திக்கொண்டு ஓடினாள். இடைவேளைக்கு முன்னால் இன்னொரு தடவையும் அதே கதை.

மூன்றாவது தடவை அவள் பறிகொடுத்த பந்து கோலுக்குள் புகுந்திருக்கும். ஸ்டெல்லா விழுந்து தடுத்தார். எழுந்து, பந்தை மறுபடி செவ்வந்தியிடமே கொடுத்தார். செவ்வந்தி இம்முறையும் திரும்பினாள். பறிக்க வந்தவள் ஏமாந்து போனாள். எதிரே மைதானம் அகலமாகத் திறந்து கிடந்தது. இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தவளின் காலடிக்குப் பந்தை அனுப்பினாள். அவள் அதைக் கோலாக்கினாள். அந்த ஒரு கோலில் ஜெயித்தார்கள்.

கதவில் தாள் ஒட்டியிருந்தது. ஸ்டெல்லாவுக்கு ஒன்று. செவ்வந்திக்கு மூன்று.

இன்று அவள் போட்டோ எடுக்கவில்லை. வசந்தா பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், மூணு தப்பு."

"மூணும் உன்னோடதுதானே?"

"ஆமா மேடம்."

"அப்ப நல்லா ஆடியிருக்க."