தொலைந்துபோன மூன்று போர்வைகள்

ஆவாரங்கோட்டை ராஜாவுக்குக் காது இரண்டு. ஆனால் யார் முதலில் வந்து பேசுகிறார்களோ, அவர்களுக்கே இரண்டையும் கொடுத்துவிடுவார். அது ஒன்றுதான் கோளாறு. மற்றபடி தங்கமான மனுஷர்.

அன்றைக்கு முதலில் வந்து பேசியவர் திருமலையப்பர், அரண்மனை ஜவுளிக் கிடங்கின் அதிகாரி.

“மகாராஜா, இளவரசருக்குத் தொட்டில் போர்வை தைக்கச் செங்கமலத்திடம் வெள்ளைத் துணி கொடுத்தேன். நான்கு போர்வைக்கு வரும் துணி. திரும்பி வந்திருப்பது ஒன்றே ஒன்று. மீதி மூன்று எங்கே?”

போர்வையைச் சபையில் விரித்தார்கள். பார்த்தவர்களுக்குத் துணிக் கணக்கே மறந்துபோயிற்று. வெள்ளைத் துணியை மடித்து மடித்துக் கட்டம் கட்டமாகச் சேர்த்திருந்தாள் அரண்மனைத் தையல்காரி செங்கமலம். மடிப்புகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் ஒரு பட்டுத் துண்டு. சிவப்பு, ஊதா, மாம்பழ மஞ்சள். தையல் விழுந்த இடமே கண்ணுக்குத் தெரியவில்லை.

“மகாராசா, துணி எங்கயும் போகலீங்க. எல்லாம் மடிப்புக்குள்ளதான் இருக்கு” என்றாள் அவள். இடுப்பிலிருந்த துண்டை உருவித் தரையில் போட்டாள். “இந்தா பாருங்க. நாலு மூலையையும் நடுவுக்கு மடிக்கணும். மறுபடியும் அதே மாதிரி மடிக்கணும். முழச் சதுரம் சாண் சதுரமா ஆயிடும்.”

“இப்போது மடித்துக் காட்டுவாள் மகாராஜா! அப்போது மடித்தாளா என்று யார் கண்டது? போர்வையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்!” என்றார் அதிகாரி.

செங்கமலம் குனிந்து போர்வையின் மேல் கையை வைத்தாள். “ஒண்ணைப் பிரிச்சா பக்கத்துல இருக்கறதும் கூடவே வந்துடும் சாமி. நாளைக்குப் பேர் வைக்கிற விசேஷம். குழந்தைக்கு எதைப் போர்த்துறது?”

ராஜாவின் இரண்டு காதும்தான் ஏற்கெனவே போய்விட்டனவே. “பிரித்துக் காட்டு. இல்லையென்றால் திருடி என்ற பெயரோடு கோட்டையை விட்டுக் கிளம்பு” என்று சொல்லிவிட்டார். அந்தத் தையல் உத்தியோகத்துக்காகவே அதிகாரியின் மைத்துனர் தூண் பக்கத்தில் தலை வாரிப் பொட்டு வைத்துத் தயாராக நின்றிருந்தார்.

சபைப் புலவர் கொளஞ்சியப்பருக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று எழுந்துவிட்டார். எழுந்தாரே தவிர, என்ன சொல்வதென்று அவருக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அதிகாரி பெருமையாகத் தலையைத் திருப்பினார். பூசணிக்காய் அளவு தலைப்பாகையும் கூடவே மெதுவாகத் திரும்பியது. புலவருக்கு உயிர் வந்தது.

“மகாராஜா, நானும் ஒரு திருட்டைச் சொல்ல வேண்டும். விஜயதசமிக்கு அதிகாரிக்குத் தலைப்பாகைப் பட்டு இருபது முழம் கொடுத்தீர்கள். என் கண்ணுக்குத் தெரிவது இரண்டு முழம். மீதி எங்கே?”

“என்ன அநியாயம்!” அதிகாரி துள்ளினார். “துணி எங்கேயும் போகவில்லை. மடித்தேன் ஐயா, மடித்தேன்! எல்லாம் மடிப்புக்குள்தான் இருக்கிறது!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“இதையேதானே அந்தப் பெண்ணும் சொன்னாள்?” என்று கேட்டார் புலவர்.

“அவள் பேச்சும் என் பேச்சும் ஒன்றா?”

“சரி, யார் பேச்சு நிற்கும் என்று பார்த்துவிடுவோம்” என்றார் புலவர். “மகாராஜா, போர்வையைப் பிரித்தால் மறுபடி தைக்க மாதக்கணக்கு ஆகும். தலைப்பாகையைப் பிரித்தால் உடனே கட்டிக்கொள்ளலாம். முதலில் சுலபமானதைப் பிரிப்போமே?”

“சபையிலா? என் மரியாதை என்ன ஆவது?” அதிகாரிக்கு முகம் வெளிறிப்போயிற்று.

“பிரியும் ஓய்!” என்றார் ராஜா.

கிளிப்பச்சைப் பட்டு சுற்றுச் சுற்றாக இறங்கியது. ஏழு முழத்தோடு நின்றும் போனது. அதற்கு உள்ளே, உப்பலாகத் தெரிவதற்காகச் சுருட்டி வைத்த ஒரு பழைய வேட்டி. சபை மொத்தமும் தூண் பக்கம் திரும்பியது. மைத்துனரின் தோளில் பளபளத்தது அதே கிளிப்பச்சைப் பட்டு. அவர் அதை அவசர அவசரமாக அக்குளுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

ராஜா இறங்கி வந்தார். போர்வையின் ஒரு ஜன்னலுக்குள் விரலை விட்டு, துணி அடுக்கடுக்காக இருப்பதைத் தடவிப் பார்த்தார். இதை முதலிலேயே செய்திருக்கலாம். ராஜாக்களிடம் அதையெல்லாம் யார் போய்ச் சொல்வது?

“அம்மா செங்கமலம், தப்பு என்னுடையதுதான். உன் உத்தியோகம் உனக்கே” என்றார். அவள் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேவிட்டாள். பிறகு ராஜா அதிகாரியிடம் திரும்பினார். “மடித்தேன் மடித்தேன் என்று குதித்தீரே!”

“கோபப்படாதீர்கள் மகாராஜா” என்றார் கொளஞ்சியப்பர். “அவர் சொன்ன சொல் சரியான சொல்தான். அதில் மெய்தான் இல்லை.”

“என்னய்யா உளறுகிறீர்?”

“‘மடித்தேன்’ என்பதில் முதலில் நிற்கிற மெய்யை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.”

ராஜா முணுமுணுத்தார். “மடித்தேன்... ‘ம’வில் இருக்கிற மெய்யெழுத்து ‘ம்’... அது போனால் மிச்சம் ‘அ’...” அவர் கண்கள் விரிந்தன. “அடித்தேன்! துணியை அடித்தேன்!”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடமே நழுவியது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: “செங்கமலம், அந்த இரண்டு பட்டையும் ஒன்றாகத் தைத்துக் கொடு. கொளஞ்சியப்பருக்குத் தலைப்பாகை. ஓய் புலவரே, நீராவது மெய்யோடு மடித்துக் கட்டும்!”