கல்நாரும் தென்னை நாரும்

ஜவ்வாது மலையின் ஒரு சரிவில் சிறிய ஆசிரமம் ஒன்று இருந்தது. அதன் குரு ஒரு பெண். முன்பு நர்ஸாக வேலை பார்த்தவர். எல்லோரும் அவரை அம்மா என்று அழைத்தார்கள். அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த திருவேங்கடத்துக்கு அறுபத்து மூன்று.

வந்த அன்று அம்மா கேட்டார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"மனசு சரியில்லம்மா."

"என்ன வேலை பாத்தீங்க?"

"குழாய் சுத்துற வேலை."

அம்மாவுக்குப் புரியவில்லை. திருவேங்கடம் விளக்கினார். ஆலையில் நீராவி போகும் குழாய்களை வெறுமனே விட்டால் சூடு வழியிலேயே போய்விடும். போகாமல் இருக்க உறை சுற்ற வேண்டும். அதற்கென்று தனியாக ஆட்கள் உண்டு. அவர் ஒரு காகித ஆலையில் அந்த ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர்.

"இங்கயும் ஒரு குழாய் இருக்கு," என்றார் அம்மா.

சமையல்கூடத்தின் பின்னால் விறகில் எரியும் கொதிகலன். அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் நூற்றைம்பது அடி கீழே இறங்கி நோயாளிகளின் விடுதிக்குப் போனது. கைகால் முடங்கியவர்கள், படுக்கைப் புண் வந்தவர்கள், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் என்று பதினெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். மார்கழியில் தண்ணீர் அங்கே போய்ச் சேரும்போது வெறும் வெதுவெதுப்புதான் மிச்சம் இருக்கும். குளிக்க மாட்டேன் என்று கிழவிகள் அழுவார்கள்.

"கடையில கண்ணாடிப் பஞ்சு கிடைக்கும். வாங்கிச் சுத்திடலாம்," என்றார் திருவேங்கடம்.

"நம்மகிட்ட இருக்கறதுல ஆகாதா?"

திருவேங்கடம் சுற்றிலும் பார்த்தார். சமையல்கூடத்துச் சுவர் ஓரமாகத் தேங்காய் மட்டை குவிந்து கிடந்தது.

"ஆகும்," என்றார். "நீராவிக்கு ஆகாது, கருகிடும். வெந்நீருக்குப் போதும்."

மறுநாளே தொடங்கினார். மட்டைகளைக் குழியில் ஊறப்போட்டார். ஊறியதை எடுத்துத் தட்டி நாரைப் பிரித்தார். புளியங்கொட்டையை வறுத்து இடித்து, கொதிக்கவைத்துப் பசை காய்ச்சினார். குழாயின் பருமனுக்கு ஒரு மூங்கிலைத் தேடிப் பிடித்தார். பசையில் புரட்டிய நாரை அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்கு அப்பி, துணியால் இறுக்கிக் கட்டி, வெயிலில் காயவிட்டார். காய்ந்ததும் நீளவாக்கில் கத்தியால் கீறினால் இரண்டு பாதிகளாகப் பிரிந்து வந்தது. அந்த இரண்டையும் குழாயின் மேல் வைத்துச் சேர்த்து, வாழைநார்க் கயிற்றால் கட்டி, மேலே பழைய வேட்டியைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசினார்.

முதல் பத்தடியை எலி தின்றுவிட்டது. புளியங்கொட்டை வாசனை அதற்குப் பிடித்துப்போயிற்று. திருவேங்கடம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை ஆசிரமத்தில் அன்றுதான் பார்த்தார்கள். அடுத்த முறை பசையில் வேப்பம்புண்ணாக்கைக் கரைத்தார். எலி கிட்டே வரவில்லை.

வேலை கூடியதும் சமையல்கூடத்திலிருந்து இரண்டு பெண்கள் உதவிக்கு வந்தார்கள். ஒருநாள் அவர் வாழைநார் கொண்டுவரக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது பெண்கள் காய்ந்த மட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஊறும்வரை காத்திருக்க வேண்டாமே என்று நினைத்தார்கள். தூசி புகைபோல எழுந்தது. குப்பம்மா என்ற பெண் முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள்.

"எழுந்திரு! ரெண்டு பேரும் எழுந்திருங்க! வெளிய போங்க!"

அவர் போட்ட சத்தத்தில் விடுதியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தடியைப் பிடுங்கித் தூர எறிந்தார். குடம் குடமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து மட்டைமேல் கொட்டினார்.

"வெறும் மட்டைத் தூசிதானே சாமி," என்றாள் குப்பம்மா.

அவர் அடுத்த குடத்தைக் கொட்டினார். அம்மா சமையல்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எதுவும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அம்மா குழாயைப் பார்க்க வந்தார். நூறு அடிக்குமேல் முடிந்திருந்தது. சுண்ணாம்பு பூசிய உறைமேல் உள்ளங்கையை வைத்தார்.

"உள்ள தண்ணி போகுதா?"

"கொதிக்கக் கொதிக்கப் போகுதும்மா."

"கையில ஒண்ணுமே தெரியலையே."

"அதுதாம்மா வேலையே."

"நல்லாத்தான் சுத்தியிருக்கீங்க," என்றார் அம்மா. கையை எடுக்கவில்லை. "அன்னைக்குக் குப்பம்மாவைப் பாத்து ஏன் அப்படிக் கத்தினீங்க?"

திருவேங்கடம் குழாய் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

ஆலையில் அவர்கள் சுற்றியது ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார். மூட்டையில் வெள்ளைத் தூளாக வரும். தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையால் பிசைவார்கள். பிசைவதற்குள் கொட்டகை முழுவதும் வெள்ளையாகிவிடும். மேஸ்திரியையும் சேர்த்து ஏழு பேர். மாலையில் வெளியே வரும்போது தலை, புருவம், சட்டை எல்லாம் மாவு மில்லில் இருந்து வந்தவர்களுடையது போல இருக்கும். ஒருவரையொருவர் கிழவா என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அவர்களில் சம்மந்தம் என்பவன்தான் தூள் பிசைவதில் கெட்டிக்காரன்.

"ஒருநாள் ஆலையில பாதுகாப்பு பாக்குற ஆபீசர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது, இருபது வருஷம் கழிச்சுக்கூட ஆளைச் சாய்ச்சிடும்னாரு. உங்க ஆளுங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்கன்னாரு."

"சொன்னீங்களா?"

"அப்ப ஆலையை நிறுத்திப் பழுது பாக்குற நேரம். சொன்னா ஒருத்தனும் தூளைத் தொட மாட்டான். வேலை நின்னுபோனா மேஸ்திரி நான் எதுக்குன்னு கேப்பாங்க. பழுது வேலை முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன்."

"முடிஞ்சப்புறம்?"

"எனக்கு இடுப்பு வலின்னு எழுதிக்கொடுத்து ஸ்டோருக்கு மாத்திக்கிட்டேன்."

அம்மா உறையிலிருந்து கையை எடுத்தார்.

"நான் மட்டும் வெளிய வந்துட்டேம்மா. அவங்க அப்புறம் ஒம்பது வருஷம் அதைப் பிசைஞ்சாங்க. ஸ்டோர்ல இருந்து மூட்டையை எண்ணிக் கொடுத்தது நான்தான்."

கீழே விடுதியில் யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"இது அதுக்கு ஈடாகுமா?" என்று திருவேங்கடம் நார் உறையைத் தொட்டுக் கேட்டார்.

"சம்மந்தம் இப்ப எங்க இருக்கார்?"

"ஊர்லதான். ரெண்டு வருஷமா மூச்சு முடியலன்னு கேள்வி."

"போயிட்டு வாங்க," என்றார் அம்மா.

திருவேங்கடம் போனார். நான்கு மணி நேரப் பயணம்.

சம்மந்தம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் இரண்டு தலையணை. அதன்மேல் கவிழ்ந்தபடிதான் அவனால் மூச்சு விட முடிந்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. ஆளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வேதம்... மேஸ்திரி... வந்திருக்காரு... பாரு..."

மனைவி வேதவல்லி காபி கொண்டுவந்தாள். "பேசாதய்யா. மூச்சு வாங்கும்," என்று அவனை அதட்டினாள். திருவேங்கடத்திடம் திரும்பினாள். "எல்லாம் அந்தப் பீடி. தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா? இப்பக் கிடந்து அனுபவிக்கிறாரு, எங்களையும் சேத்துப் பாடாப்படுத்துறாரு."

சம்மந்தம் தலையைத் தாழ்த்திக்கொண்டான். தப்பு செய்து பிடிபட்டவன் போல இருந்தது. அவள் உள்ளே போனதும் மெல்லக் கேட்டான்.

"இடுப்பு வலி... இப்ப... தேவலையா மேஸ்திரி?"

"தேவலை," என்றார் திருவேங்கடம்.

சொல்ல வந்ததை அவர் எடுக்கவே இல்லை. காபியைக் குடித்தார். ஆலையைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது சம்மந்தம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தான்.

மாலையில் ஆசிரமத்துக்குத் திரும்பினார். அம்மா வாசலில் இருந்தார்.

"சொன்னீங்களா?"

"இல்லம்மா. என்னைப் பாத்ததும் அவன் முகத்துல அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க மனசு வரல."

அம்மா அவரைச் சற்று நேரம் பார்த்தார். முகம் வாடி, சட்டை வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

"சாப்பிடுங்க," என்றார்.

மிச்சக் குழாயை முடித்துவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று திருவேங்கடம் நினைத்தார். குழாய் முடிந்தது. மார்கழி பிறந்தது. விடுதியில் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் கொட்டியது. கிழவிகள் விளாவிக் குளித்தார்கள். சாமி நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினார்கள். பக்கத்து மலையூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தங்களுக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அந்த வேலையும் வந்தது. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார்.

தை மாதம் சம்மந்தம் இறந்துபோனான்.

செய்தி வந்தபோது உடலை எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. திருவேங்கடம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார்.

வேதவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் கடைக்குப் போயிருந்தார்கள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். இந்த முறை நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஆபீசர் கூப்பிட்டதை, இடுப்பு வலி என்று எழுதிக்கொடுத்ததை, மூட்டை எண்ணியதை.

அவள் அழவில்லை.

"அப்ப பீடி இல்லையா?" என்றாள்.

"அது கொஞ்சம் கூட்டியிருக்கலாம்மா. ஆனா காரணம் அந்தத் தூள்தான்."

"ரெண்டு வருஷம் அவரைத் திட்டினேன். சோறு வைக்கும்போது திட்டினேன். முதுகு தடவிவிடும்போது திட்டினேன். செத்த அன்னைக்குக் காலையிலகூடத் திட்டினேன். அவரும் ஆமாம் வேதம், என் தப்புதான், உன்னைத் தவிக்க வுட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டே கிடந்தாரு."

திருவேங்கடம் தலையைக் குனிந்தார்.

"ஐப்பசியில வந்தீங்களே. இங்கதான உக்காந்து காபி குடிச்சீங்க. அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே. அவரு பொழைச்சிருக்க மாட்டாரு. அது எனக்குத் தெரியும். நான் திட்டாம இருந்திருப்பேன். மூணு மாசமாவது திட்டாம இருந்திருப்பேன்."

அவர் எழுந்து கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிடவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

ஆசிரமத்துக்கு வந்ததும் திருவேங்கடம் நேராக அம்மாவிடம் போனார். அம்மா விடுதியில் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். திருவேங்கடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கட்டை முடித்து, கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தார்.

"அந்தம்மா திட்டினதை இனி யாராலயாவது திரும்ப எடுக்க முடியுமாம்மா?"

"முடியாது."

இருவரும் குழாய் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"அன்னைக்கு நீங்க சொல்லாமத் திரும்பி வந்தீங்களே," என்றார் அம்மா. "களைச்சுப்போயிருந்தீங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு. சாப்பிடச் சொன்னேன். மறுநாள் காலையில திருப்பி அனுப்பியிருக்கணும். அப்புறமும் கேக்கல. கிழவிங்க நல்லாக் குளிக்கிறாங்கன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

"உங்க மேல என்னம்மா தப்பு?"

"இருக்கு," என்றார் அம்மா.

அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. அவற்றை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

திருவேங்கடம் கேட்டார். "நான் இனி என்ன செய்யறதும்மா? இந்த உறையை இன்னும் பத்து இடத்துக்குச் செஞ்சு கொடுக்கறேன். சாகற வரைக்கும் செய்யறேன். இந்தக் கையால அதையாவது செய்யறேன்."

"செய்யுங்க. நல்ல வேலை."

"அது போதுமா?"

"உங்களோட சேந்து ஏழு பேர்னீங்க. சம்மந்தம் போயிட்டார். மத்தவங்க?"

"ரெண்டு பேர் முன்னாலயே போயிட்டாங்க. மூணு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் இருமல்னு கேள்வி."

அம்மா நின்று அவர் முகத்தைப் பார்த்தார்.

"அந்த மூணு வீட்லயும் இப்ப யாரு யாரைத் திட்டிக்கிட்டிருக்காங்க?"