கோட்டை வாசலில் ரெண்டு கயிறு

அந்தக் காலத்தில் வேங்கைநாடு, வேங்கைநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் குமாரதுங்கன் என்கிற ராஜா. நல்ல மனுஷர்தான்; கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

கோட்டை வாசலுக்கு மேலே ஒரு பெரிய மணி. பக்கத்திலேயே பரண் நிறையப் பாறாங்கல், பகைவன் வந்தால் தலையில் தள்ள. ரெண்டுக்கும் கயிறு அக்கம்பக்கமாய்த் தொங்கும். ராஜா வரும்போது காவல்காரன் தரையைப் பார்த்துக் குனிந்தபடி, பின்னால் கையைவிட்டு மணிக்கயிற்றை இழுக்கணும். நிமிர்ந்து பார்த்தால் குற்றம். அப்படி ஒரு வழக்கம்.

ஒருநாள் காவல்காரன் மாடக்கண்ணு கல்கயிற்றை இழுத்துவிட்டான். ராஜாவின் குதிரை வாலை உரசிக்கொண்டு விழுந்தது பாறை.

"வெட்டுங்கள் இவனை!" என்று குதித்தார் ராஜா.

கயிறு கட்டிக்கொடுத்த தளபதி செண்டலங்காரர் மீசையை நீவினார். "என் வேலையில் குறை இல்லை மகாராஜா. கவனமில்லாத பயல்!"

"சாமி, ஆறு வருஷமா சரியாத்தானே இழுத்தேன்!" என்று அழுதான் மாடக்கண்ணு.

மந்திரி நல்லசிவம் எழுந்தார். "இவன் தலை எங்கே ஓடிவிடப் போகிறது மகாராஜா? நாளைக்குத் தளபதியாரே இழுத்துக் காட்டட்டும். ராஜாவாக நான் நடந்து வருகிறேன்."

மறுநாள் தாரை, தப்பட்டை, யானைப் பிளிறல். குடைக்குக் கீழே மந்திரி வந்தார். தளபதி குனிந்து இழுத்தார். டாண்! மறுபடியும் வந்தார். டாண்! மூன்றாவது தடவையும் டாண்!

"பார்த்தாயாடா?" என்று மாடக்கண்ணுவிடம் நெஞ்சை நிமிர்த்தினார் தளபதி.

நாலாவது தடவை இழுத்தார். மணிச்சத்தம் இல்லை. மந்திரி தலையில் தொபதொபவென்று மோர் கொட்டியது! கல்லை இறக்கிவிட்டுப் பரணில் மோர்ப்பானை ஏற்றி வைத்தது மந்திரியேதான்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மந்திரி மீசையை நக்கிக்கொண்டார். "உப்பு கொஞ்சம் கம்மி. கல்லாக இருந்திருந்தால் இதைச் சொல்ல நான் இல்லை. கை என்றால் தவறத்தான் செய்யும் மகாராஜா. தவறினால் ஆள் சாகிற மாதிரி கயிறு கட்டலாமா?"

தளபதி தலை தானாகக் குனிந்தது. ராஜா சிரிப்பை நிறுத்தினார். "கல்கயிறு மேல்மாடத்துக்குப் போகட்டும். ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் விழணும். தளபதியாரே, அதை நீரே கட்டும். மாடக்கண்ணு, இனிமேல் என் முகத்தைப் பார்த்தே மணி அடி."

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. மாடக்கண்ணுவுக்குத் தலை மிஞ்சியது.

அடுத்த நாளே அவன் தூரத்தில் வந்த தயிர்க்காரியை ராஜா என்று நினைத்து மணி அடித்துவிட்டான். ஊரே எழுந்து அவளைக் கும்பிட்டது. வேறொன்றும் ஆகவில்லை.