தொங்கும் தண்டவாளம்

ஆலடிச்சேவல் ஸ்டேஷனில் இப்போது ரயில் நிற்பதில்லை. நிற்காமல் போவதும் இல்லை. தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசி வண்டியில் தூங்கிப்போய், ஊர் மாறி இறங்கிய ஒருவர் அங்கேயே தங்கிவிட்டார். "அடுத்த வண்டியில போயிடறேன்" என்றார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். ஊர் அவரை ரயிலடிச் சாமி என்றது.

அவருக்கு ஒரே சீடன், மாசானம். சீடனுக்கு வயது குருவைவிடக் கூட. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவான். அதனால் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. முதலாளி முன்னாலேயே முதலாளியாகப் பேசினால் எவன் வைத்துக்கொள்வான்?

ஒருநாள் மாசானம் ஓடி வந்தான்.

"சாமி, புதுப் பாதை போடப் போறாவளாம். இன்னைக்கு ஆபீசர் வாராரு. நம்ம ஊர்ல வண்டி நிக்கணுமா வேண்டாமான்னு அவருதான் முடிவு பண்ணணும். ஊர்ல எல்லாரும் என்னைப் பேசச் சொல்லிட்டாவ."

"என்ன பேசப் போறே?"

"ஸ்டேஷன் வரலாறு. வீடு வீடா விசாரிச்சாச்சு."

"சொல்லு."

மாசானம் இடுப்பில் கை வைத்தான். பனங்கிழங்கு விற்கும் கிட்ணம்மாள் ஆனான். "எங்க ஆத்தா கிழங்கைத் தலைச்சுமையாத் தூக்கிட்டு நடந்தா. வெள்ளைக்காரத் துரை பார்த்தான், கண்ணு கலங்கிட்டான். உடனே ஸ்டேஷனைக் கட்டிட்டான்!"

இல்லாத மீசையை முறுக்கினான். பண்ணைவீட்டு உலகநாத பிள்ளை ஆனான். "கிழங்காம் கிழங்கு! எங்க பாட்டனார் மெட்ராஸ் போகணும்னார். ரயில் வீட்டுக்கு வந்தது."

மூக்கால் பேசினான். டீக்கடை சம்சுதீன். "ரெண்டும் புளுகு. இஞ்சின் தண்ணி குடிக்க நின்னுச்சு, எங்க வாப்பா போட்ட டீயைக் குடிச்சுது. அப்புறம் நிக்காமப் போகவே மாட்டேன்னுட்டு."

சாமி சிரித்துச் சிரித்து இருமினார்.

"இதுல எது சாமி நெசம்? ஆபீசர்கிட்ட எதைச் சொல்ல?"

"எல்லார் குரலும் வந்தது. ஸ்டேஷன் குரல் எங்கே?"

"அது எங்க சாமி பேசுது?"

பதில் வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

ஆபீசர் இறங்கினார். ஓட்டைக் கூரையைப் பார்த்தார். பிளாட்பாரத்தில் படுத்திருந்த ஆடுகளைப் பார்த்தார். மாசானம் கிட்ணம்மாள் குரலில் தொடங்கினான்.

"கதை வேண்டாங்க" என்றார் ஆபீசர். "எல்லாரும் மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறிப் பழகியாச்சு. ரயில் விட்டா யார் வருவா?"

மாசானத்துக்குத் தன் மகள் ஞாபகம் வந்தது. காலேஜுக்குப் போக, விடியுமுன்னே அந்த ரோட்டுக்கு நடக்கிறவள். அதைச் சொல்ல வாயைத் திறந்தான். சொந்தக் குரல் மட்டும் வரவில்லை.

சாமி எழுந்தார்.

கூரையோரம் ஒரு துண்டுத் தண்டவாளம் கம்பியில் தொங்கியது. பெயர்க்க வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனது. ரயில் ஓடிய நாளில், பக்கத்து ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்பியதும் அதில் மூன்று அடி விழும். ஆலடிச்சேவலில் கடிகாரம் பார்த்து யாரும் ரயிலுக்குக் கிளம்பியதில்லை. அந்தச் சத்தத்துக்குத்தான் கிளம்புவார்கள்.

சாமி ஓர் இரும்புத் தடியை எடுத்தார்.

டாண். டாண். டாண்.

ஆடுகள் எழுந்தன. வேறொன்றும் நடக்கவில்லை. ஆபீசர் ஜீப்பில் காலை வைத்தார்.

"நில்லுங்க, நில்லுங்க! கூடையை ஏத்திக்கிடுதேன்!"

கிட்ணம்மாள். அவள் பின்னால் சம்சுதீன், கையில் கொதிக்கிற கெட்டில். உலகநாத பிள்ளை ஒரு கன்னத்துச் சவர நுரையோடு வேட்டியைப் பிடித்தபடி வந்தார். ரயிலையே பார்த்திராத ஒரு புது மருமகள், மாமியார் இழுத்த இழுப்பில் வந்து சேர்ந்தாள். பிளாட்பாரம் நிறைந்தது. அத்தனை பேரும் கழுத்தை நீட்டி, தண்டவாளம் இல்லாத பாதையை எட்டிப் பார்த்தார்கள்.

ஆபீசரும் எட்டிப் பார்த்தார். பிறகுதான் அவருக்கே உறைத்தது. கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"இங்கே நிறுத்தம் உண்டு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கிட்ணம்மாள் மூச்சு வாங்க மாசானத்தின் துண்டைப் பிடித்தாள். "ஏல, மணி அடிச்சியளே, வண்டியை எங்க?"

மாசானம் சாமியின் காதருகே குனிந்தான். "சாமி, என்ன சொல்ல?"

சாமி பையைத் தலைக்கு வைத்து, பெஞ்சில் காலை நீட்டினார்.

"லேட்டுன்னு சொல்லு."