தாளாளர் வீட்டுக்கு வந்த மகள்

தவமணி குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். பதினெட்டு வயதானதும் இல்லத்தை விட்டு வெளியேறி, கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள். தீபாவளிக்கு விடுதியைப் பூட்டப்போகிறார்கள் என்றதும் கல்லூரித் தாளாளர் ஆதிமூலத்திடம் போய் நின்றாள்.

"எனக்குப் போக்கிடம் இல்லீங்க ஐயா. லீவுல இங்கேயே இருந்துக்கிறேன்."

"ஒருத்திக்காகத் திறந்து வைக்க முடியுமா? எல்லாரும் அப்பா வீட்டுக்குப் போறாங்க. நீயும் போ!"

"சரிங்க ஐயா."

அன்று சாயங்காலம் தாளாளர் வீட்டுக் கூடம் நிறைய விருந்தாளிகள். தவமணி பெட்டியோடு உள்ளே நுழைந்தாள்.

"அப்பா, லீவு விட்டாச்சு. வந்துட்டேன்!"

அடுப்படியிலிருந்து தாளாளரின் மனைவி கரண்டியோடு ஓடிவந்தார். "யாருங்க இது? உங்களைப் போய் அப்பாங்குது?"

"ஐயாதாம்மா ஆண்டு விழா மேடையில 'இங்க படிக்கிற எல்லாருக்கும் நானே தகப்பன்'னு சொன்னாங்க. இன்னிக்கு அப்பா வீட்டுக்குப் போன்னும் சொன்னாங்க. எனக்கு வேற அப்பா வீடு தெரியாதும்மா."

கூடமே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பெட்டியை உள்ள வைடி. கையைக் கழுவிட்டு வா, அதிரசம் சூடா இருக்கு."

அதற்குப்பின் எந்த விடுமுறைக்கும் விடுதியைப் பூட்டவில்லை. தவமணியைப் போன்றவர்கள் அங்கேயே தங்கினார்கள். அடுத்த ஆண்டு விழாவில் 'நானே தகப்பன்' என்ற இடம் வந்ததும், தாளாளர் கூட்டத்தில் தவமணியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். முதலில் கைதட்டியவள் அவள்தான்.