ஆட்சேபணை உண்டா?

தணிகாசலம் வங்கி வேலையை உதறிவிட்டு, தலை நரைத்த பிறகு சட்டம் படித்தவர். அவருடைய குரு, அரசு வழக்கறிஞர் அமலோற்பவம், அவரைவிடப் பத்து வயது இளையவர். குரு சிஷ்யரை ‘சார்’ என்பார். சிஷ்யர் குருவை ‘மேடம்’ என்பார். நீதிமன்ற வளாகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. தணிகாசலம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவருக்கு இருந்த குழப்பங்களே போதுமானதாக இருந்தன.

அவற்றில் பெரியது மேடத்தின் மேஜையில் இருந்த கணினி. பொறியியல் கல்லூரிக்காரர்களிடம் சொல்லி, முன்கூட்டியே கணித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றி வைத்திருந்தார். ஜாமீன் மனு வந்தால் அரசுத் தரப்பில் ஆட்சேபணை உண்டா, இல்லையா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். ஆனால் சிஷ்யர் வழக்குக் கட்டைப் படித்து வாய் திறக்கும்வரை மேடம் அதைக் காட்டமாட்டார். ஏன் என்று கேட்டால் சிரிப்பதோடு சரி.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள், முனிரத்தினம் என்ற கொத்தனாரின் ஜாமீன் மனு வந்தது. தண்ணீர் மோட்டார் திருடியதாக வழக்கு. இன்று ஜாமீன் கிடைக்காவிட்டால் அவருக்குப் பொங்கல் சிறையில்தான். மனைவி செண்பகம் காலையிலிருந்து அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கட்டை ஒரு வரி விடாமல் படித்தார்.

“ஆட்சேபிக்கணும் மேடம்.”

“ஏன் சார்?”

“வெளியே விட்டா ஆள் ஓடிடுவார்.”

அமலோற்பவம் திரையை அவர் பக்கம் திருப்பினார். ‘ஆட்சேபணை’ என்றிருந்தது.

தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “மெஷினும் நானும் ஒண்ணாவே சொல்றோம். மனுஷனுக்காவது வேண்டியவன் வேண்டாதவன்னு உண்டு. அதுக்கு ஏது? இனிமே இதையே கேட்டுட்டுப் போயிடலாமே மேடம்.”

“போலாம். இவரை எங்க வச்சுப் பிடிச்சாங்க?”

தணிகாசலம் கட்டைப் புரட்டித் தேடினார்.

“ஸ்டேஷன்லேர்ந்து போன் பண்ணியிருக்காங்க. அவரே சைக்கிள்ல வந்து இறங்கியிருக்கார்.”

“ஓடற ஆளா?”

“இந்த வரியைப் படிச்சேன் மேடம். நிஜமாவே படிச்சேன்.”

“தெரியும் சார்.”

“என்னை விடுங்க. மெஷின் எப்படி இதைக் கவனிக்காம விட்டுச்சு? அதுவும் இதைத்தானே படிச்சிருக்கும்?”

“கட்டு உங்க கையிலதானே இருந்தது?”

“அப்ப அதுக்கு என்ன கொடுத்தீங்க?”

“பேரு, தெரு, ஸ்டேஷன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

தணிகாசலத்துக்குத் தலை சுற்றியது. ஒரு வரிகூடப் படிக்காததும் ஒரு வரி விடாமல் படித்தவரும் எப்படி ஒரே இடத்தில் போய் நின்றார்கள்? இரண்டு பேரில் ஒருவர் ஏமாற்றியிருக்க வேண்டும். யார் என்றுதான் அவருக்குப் புலப்படவில்லை.

அதற்குள் முனிரத்தினத்தின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இருவரும் உள்ளே போனார்கள்.

“ஆட்சேபணை உண்டா?” என்று நீதிபதி கேட்டார்.

அமலோற்பவம் எழவில்லை. சிஷ்யரைப் பார்த்தார். தணிகாசலம் எழுந்தார்.

“போன் பண்ணதும் தானா வந்த ஆளுங்க ஐயா. ஆட்சேபணை இல்லைங்க.”

ஜாமீன் கிடைத்தது. செண்பகம் அழுதுகொண்டே அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தணிகாசலத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

அறைக்குத் திரும்பியதும் வெட்கம் கோபமாகிவிட்டது. கோபப்படுவதற்குக் கணினிதான் வசதியாக இருந்தது.

“இவ்வளவு தப்பா சொல்ற மெஷினை எதுக்கு மேடம் வச்சிருக்கீங்க?”

“எங்க சார் தப்பா சொல்லுச்சு?”

“முனிரத்தினத்துக்கு ஆட்சேபணைன்னு சொல்லுச்சே? அவர் ஓடற ஆளே இல்லையே.”

“முனிரத்தினம் யாருன்னே அதுக்குத் தெரியாது. இத்தனை வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து நான் சொன்னதைத்தான் அதுக்குள்ள போட்டிருக்கு. அந்தத் தெருப் பேரைப் பார்த்தா இந்த ரூம்ல இருக்கறவங்க என்ன சொல்வாங்கன்னு கேட்டேன். ஆட்சேபணைன்னு சொல்வாங்கன்னுச்சு.”

அடுத்த மனுவின் கட்டை அவர் பக்கம் நகர்த்தினார் அமலோற்பவம்.

“நீங்களும் அதையேதான் சொன்னீங்களே சார்.”