சீர் போன வழி

ஒரு ஊர்ல ஒரு குட்டி ராஜா. பேரு கொண்டப்பன். அவனுக்கு ஒரே தங்கச்சி, பூவாத்தா. அவளைக் கட்டிக் கொடுத்த ஊர்க் கோட்டையைச் சுத்தி, மீசை ராஜான்னு ஒருத்தர் படையோட வந்து உக்காந்துட்டாரு. உள்ள ஒரு மணி அரிசி போக விடல. பசி வந்தா தானா கதவைத் திறப்பாங்கன்னு நினைப்பு. பூவாத்தா அப்போ ஏழு மாசம். என்ன கண்ணு, ‘ம்’ காணோம்? ம்... அப்படிச் சொல்லு.

சேதி கேட்டதும் அண்ணங்காரன் துள்ளி எழுந்தான். யானை, குதிரை, ஆளுன்னு தடதடன்னு கிளம்பிட்டான். நடுவுல சிநேகிதன் சடையப்பனோட நாடு. அதைத் தாண்டாம போக முடியாது.

"சடையா, என் யானைக்கு வழி விடு."

"மாட்டேன். நெல்லு பால் பிடிச்சு நிக்குது."

"அப்போ குதிரை?"

"அதுவும்தான் மிதிக்கும்."

"வெறும் ஆளுங்க. வரப்பு மேலேயே போயிடறோம்."

"வேல் தூக்கின ஆளை நான் விட்டேன்னு தெரிஞ்சா, நாளைக்கு மீசை ராஜா என் ஊரைக் கொளுத்துவாரு. கோவிச்சுக்காதடா."

கொண்டப்பனுக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. நீயெல்லாம் ஒரு சிநேகிதனான்னு கேட்டுட்டு, எல்லையிலயே தொப்புனு உக்காந்தான். அப்புறம் அழுதான். ராஜான்னா அழக்கூடாதா என்ன? ஏழாம் மாசம், வளைகாப்புச் சீர்கூட கொண்டு போக முடியலையேன்னு சொல்லிச் சொல்லி அழுதான். அப்போ சட்டுனு அழுகை நின்னுபோச்சு.

"சடையா, சீர் கொண்டு போகட்டுமா?"

"அதுக்கு யாருடா வழி மறிப்பா? எங்க வீட்டுத் தட்டையும் சேர்த்துக்கோ."

அப்புறம் என்ன, வேலெல்லாம் கீழ, தட்டெல்லாம் தலைமேல. டும் டும் டும், பீ பீ பீ. வரப்பு மேல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, அரிசி மூட்டையும் பலகாரமும் சுமந்துக்கிட்டு, வளையல் கிலுகிலுங்க, ஒரு கதிர் ஒடியாம போனாங்க.

மீசை ராஜா வாளை உருவிக்கிட்டு ஓடி வந்தாரு. பார்த்தா தட்டு நிறைய வளையல். "புள்ளைத்தாச்சி சீரைத் தடுத்தேன்னா எங்கம்மா எனக்குச் சோறு போட மாட்டாங்க. விடுங்கடா"ன்னாரு.

கதவு கிறீச்சுனு திறந்துச்சு. பூவாத்தாவுக்குக் கை நிறைய வளையல், கோட்டைக்கு வயிறு நிறைய சோறு. புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம்னு ஊரே மணக்குது. அப்போ கொண்டப்பன் வெளிய எட்டிப் பார்த்தான். "வாசல்ல நிக்கிறவங்களுக்கு இலை போடாம என்ன வளைகாப்பு? வாங்க, உக்காருங்க"ன்னான். மீசை ராஜாவோட ஆளுங்க முதல்ல முறைச்சாங்க. அப்புறம் வாசம் வந்துச்சு. அப்புறம் மடமடன்னு பந்தியில உக்காந்துட்டாங்க.

மறுநாள் காலையில மீசை ராஜா, "அடிங்கடா"ன்னு கத்தினாரு. ஒருத்தனும் அசையல.

"சாப்பிட்ட வீட்டை எப்படிங்க அடிக்கிறது? நீங்களும்தான் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

மீசை ராஜா மெதுவா கையை மோந்து பார்த்தாரு. புளியோதரை வாசம் இன்னும் போகல. கூடாரத்தைச் சுருட்டச் சொல்லிட்டாரு.

கதை வீடு போய்ச் சேர்ந்துச்சு. நீயும் கண்ணை மூடு.